கருவிழிக்கு ஏழாயிரம்

2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் கென்யத் தலைநகர் நைரோபியில், கென்யாட்டா மாநாட்டு மையத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் வரிசை கட்டி நின்றார்கள். பளபளக்கும் பந்து வடிவக் கருவி ஒன்றைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் 25 'வேர்ல்டுகாயின்' என்னும் கிரிப்டோ நாணயம் இலவசம். மதிப்பு ஏறக்குறைய 7,000 ஷில்லிங். அந்த ஊரில் கூலித் தொழிலாளிக்கு அரசு வைத்த குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி! ஓபன்ஏஐயின் சாம் ஆல்ட்மேன் கூட்டாளிகளோடு தொடங்கிய திட்டம் இது.

கருவி கருவிழியைப் படமெடுத்து, அதிலுள்ள நுண்கோடுகளை ஒரு நீண்ட குறியீடாக மாற்றும். ஆள் சம்மதித்தாலொழிய படத்தைச் சேமிப்பதில்லை என்றது நிறுவனம். சரி, நம்புவோம். ஆனால் அந்தக் குறியீடு தப்பான கைக்குப் போனால், பாஸ்வேர்டு மாதிரி மாற்றிக்கொள்ள வழியில்லை.

"விருப்பப்பட்டுத்தானே கொடுத்தார்கள், உனக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஞாயமான கேள்விதான், ஏழைக்கு விவரம் போதாது என்று நினைப்பதும் ஒரு திமிர். ஆனால் வாடகை பாக்கி கழுத்தை நெரிக்கும்போது யாரும் விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. தன் கருவிழி எங்கே போகிறது, பின்னாளில் எதற்குப் பயன்படும் என்பது விற்பவருக்குத் தெரியாது. அவசரம் மட்டும் முழுக்க அவருடையது. மருந்து ஆய்வில் கலந்துகொள்பவர்களுக்கும் பணம் தருகிறார்கள். ஆனால் ஆபத்தையே மறக்கடிக்கும் அளவுக்குத் தொகை பெரிதாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு நெறிமுறைக் குழு உண்டு. பாதியில் விலகவும் செய்யலாம்.

கென்ய அரசு ஆகஸ்ட் 2 அன்று பதிவை நிறுத்தியது. அதற்குள் மூன்றரை லட்சம் பேர் கண்ணைக் காட்டிவிட்டார்கள். காசு காட்டி வாங்கிய சம்மதம் செல்லாது, தரவுகளை ஏழு நாளில் அழியுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2025 மே மாதத்தில்தான்.

பிரேசில் வேறு வழியில் போனது. 2025 ஜனவரியில் அங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையம், கருவிழிப் பதிவுக்குப் பணம் கொடுப்பதைத்தான் தடுத்தது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது: பணத்தை எடுத்துவிட்டு, வரிசை நிற்கிறதா பாருங்கள்.

உங்கள் தெருவிலும் யாராவது பரிசை நீட்டிக் கண்ணையோ கைரேகையையோ கேட்டால், "நாளைக்கு வேண்டாமென்றால் அழிப்பீர்களா? எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால், பரிசை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.