ஊரின் பெயர் யாருடைய சொத்து?

தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் வரை, அந்தந்த ஊரின் பேர்பெற்ற உணவை அந்தந்த ஊரிலேயே உண்டு பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஓர் ஆவல் நமக்கு இருந்தது. அண்மையில் அந்தப் பிரயாணத்தை முடித்துத் திரும்பினோம். நாவிற்கு இன்பம் கிடைத்தது உண்மையே. ஆயினும் அதனினும் பெரிய விஷயம் ஒன்று நம் சிந்தனையைக் கவர்ந்தது. அதனை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூத்துக்குடியில் முதலில் நாம் நாடியது மக்ரூன். முந்திரிப்பருப்பு, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு ஆகிய மூன்றே சேர்ந்த இந்த வெண்ணிறப் பண்டம் வாயிலிட்டவுடன் கரைகிறது. போர்த்துகீசியர் வழியாக வந்த பலகாரம் என்பர். முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து நம் நாட்டிற்குக் கொணர்ந்தவர்கள் அவர்கள்தாமே! தெற்கே உடன்குடி வட்டாரத்தில் பனங்கருப்பட்டி காய்ச்சப்படுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பனையில் வடிவது பதநீர். தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குகிறார்கள். அந்தக் கருப்பட்டி சேர்த்த சுக்குக் காப்பி ஒரு குவளை அருந்தி வடக்கே புறப்பட்டோம்.

அடுத்தது கோவில்பட்டி. கரிசல் நிலத்து நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து சாத்தூர், சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தோம். ஆண்டாள் கோவில் கோபுரம் கண்ணில் படும்போதே பால்கோவாவின் மணமும் நம்மை எதிர்கொண்டது. இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். இவ்வூரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே பால்கோவா தயாரித்து விற்று வருவது நம் இயக்கத்திற்குப் பெருமை தருவதாகும்.

பாலும் சர்க்கரையுமன்றி வேறெதுவும் பால்கோவாவிற்கு வேண்டியதில்லை. பசும்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீர். பத்து லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் அதிலுள்ள திடப்பொருள் ஒன்றேகால் கிலோவை ஒட்டியே நிற்கும். சர்க்கரையும் எஞ்சிய ஈரமும் சேர்ந்து மூன்று கிலோ அளவு பால்கோவா ஆகலாம். ஆகவே ஒரு கிலோ பால்கோவாவினுள் மூன்று லிட்டருக்குக் குறையாத பால் அடங்கியிருக்க வேண்டும். உங்கள் சங்கம் தரும் பால் விலையை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். அத்துடன் சர்க்கரை, விறகு, கூலி ஆகியவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகைக்கும் குறைவாக ஒருவர் பால்கோவா விற்பாராயின், பால் கறந்தவருக்கு உரிய விலை கிடைக்கவில்லை, அல்லது அப்பண்டத்தில் உரிய பால் இல்லை. இரண்டில் ஒன்று நிச்சயம்.

மாவு கலந்த பால்கோவாவை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். சிறிதளவு எடுத்து நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் இரண்டு சொட்டு அயோடின் திராவகம் விட்டால், மாவு இருப்பின் நீலநிறம் தோன்றும்.

மேல்நாட்டார் இத்தகைய உணவுப் பிரயாணங்களில் திராட்சை மது பிறக்கும் ஊர்களைத் தேடிச் செல்வது வழக்கம். அந்த மது நமக்கு வேண்டாம். ஆனால் அதன் பின்னாலுள்ள வரலாறு நமக்குப் பாடமாகும். பிரான்சில் ஷாம்பேன் என்ற வட்டாரத்தில், வியாபாரிகள் வெளியூர்த் திராட்சையைக் கொணர்ந்து ஷாம்பேன் பெயரால் விற்றனர். வயிறு காய்ந்த குடியானவர்கள் 1911இல் கிளர்ந்தெழுந்தனர். அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள மரோசான் என்ற சிற்றூரிலோ வேறு வழி கண்டனர். 1901இல் திராட்சை பயிரிடுவோர் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 1905இல் தமக்கென ஒரு பொதுக் கிடங்கு கட்டினர். பாரிஸ் நகரத்து நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இடைத்தரகரின்றி நேரே சரக்கு அனுப்பினர். ஊரின் பெயர் உழைப்பவனுக்குச் சோறு போட வேண்டுமானால் அவன் சங்கமாகச் சேர வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

நம் நாட்டில் இதற்கெனவே 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003 முதல் நடைமுறையில் உள்ளது. குறியீடு ஒருமுறை பெற்றால் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று எண்ணிவிடலாகாது. பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். அவ்வூரில் அப்பொருளைச் செய்யும் ஒவ்வொருவரும் உரிமை பெற்ற பயனாளராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். பதிந்தவர்களே போலிகளை எதிர்த்து வழக்காட முடியும்.

பிரயாணத்தின் கடைசிக் கட்டமாக இராஜபாளையம் சென்றோம். மலையடிவாரத் தோப்புகளில் விளையும் சப்பட்டை மாம்பழத்தின் இனிப்பை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எனினும் பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடும் குடியானவருக்கு அந்த இனிப்பின் விலை போய்ச் சேருவதில்லை. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் புண்ணை ஆற்றுகிறது. அதனை நெய்த ஊர் எதுவென்று அங்கே எவரும் கேட்பதில்லை. பாலுக்கு ஒரு பெயர் வாய்த்துவிட்டது. மாம்பழத்திற்கும் துணிக்கும் இன்னும் வாய்க்கவில்லை.

ஆதலின் அங்கத்தினர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே. பால் ஊற்றுவோர் ஒரு குவளை நீரும் கலவாது ஊற்றுக. அந்த ஒரு குவளை நீர் ஊர் முழுவதின் பெயரையும் கெடுக்கும். வாங்குவோர் சங்க முத்திரையைக் கேட்டு வாங்குக. தோப்புக்காரரும் நெசவாளரும் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே, தம் சரக்கைத் தம் ஊர்ப் பெயராலேயே விற்பதற்கான தீர்மானத்தைக் கொண்டுவருக. மாம்பூ பூப்பதற்கு முன்னரே அக்கூட்டம் கூடுமாயின், வரும் கோடையில் பழத்தின் பலன் தோப்புக்காரர் கைக்கே வந்து சேரும்.