குழந்தைகளுக்குன்னு தனி கிட்னி டாக்டர்... எதுக்கு பதினொன்றரை வருஷப் படிப்பு?

காலையில் எழுந்ததும் குழந்தையின் கண்ணைச் சுற்றி வீக்கம். சாயங்காலத்துக்குள் வடிந்துவிடுகிறது. ‘அலர்ஜியா இருக்கும்’ என்று பல வீடுகளில் விட்டுவிடுவார்கள். ஆனால், சிறுநீரில் புரோட்டீன் வெளியேறும் ‘நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்’ பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். இதற்கெல்லாம் ஸ்பெஷலிஸ்ட், பீடியாட்ரிக் நெஃப்ராலஜிஸ்ட்.

எப்படி ஆகலாம்?

பிளஸ் டூ முடித்து நீட் எழுதி, இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ். அடுத்து 3 வருட எம்.டி. குழந்தைகள் மருத்துவம். பிறகு நீட் எஸ்.எஸ். எழுதி, 3 வருட டி.எம். பீடியாட்ரிக் நெஃப்ராலஜி. எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். என்ற தனித் தேர்வு. 18 வயதில் நுழைபவர், நடுவில் ஒரு வருஷம்கூட வீணாகாமல் படித்தாலே முடிக்கும்போது 30-ஐ நெருங்கிவிடுவார்.

பெரியவங்க டாக்டரே பார்க்கக் கூடாதா?

நோயே வேறு. பெரியவர்களின் கிட்னியைக் கெடுப்பதில் சர்க்கரை நோய்க்கும் பிபி-க்கும் பெரும் பங்கு. குழந்தைகளிடம் முக்கியக் காரணம், பிறவியிலேயே வரும் அமைப்புக் கோளாறு. ஆண் குழந்தைகள் சிலருக்கு சிறுநீர்ப் பாதையில் சவ்வு வளர்ந்து அடைத்துக்கொள்ளும்.

கணக்கும் வேறு. கிரியேட்டினின் 1 என்றால் பெரியவருக்கு நார்மல். அதே 1, இரண்டு வயதுக் குழந்தைக்கு அபாய மணி. 3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் கால் லிட்டர்தான். அதை மெஷினுக்குள் ஓடவிட்டு டயாலிசிஸ் செய்வது ரிஸ்க். அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் அதிகம் கைகொடுக்கிறது.

இன்னொரு சவால், வளர்ச்சி. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோமுக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வந்து, மருந்து நீண்டுகொண்டே போனால் உயரம் பாதிக்கலாம். நோயும் அடங்கணும், பிள்ளையும் வளரணும். இந்த பேலன்ஸும் டி.எம். பயிற்சியில் அடக்கம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கண், கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர், ஆண் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போவது... இதில் எது இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக வேண்டுமா என்பதை அவர் சொல்வார். அலர்ஜியா, கிட்னியா என்ற சந்தேகம் பெரும்பாலும் அந்த ஒரு டெஸ்ட்டிலேயே தெளிந்துவிடும்.