காவிரியின் கொல்லைப்புறம்: ஓர் எட்டிப் பார்த்தல்

காவிரி என்றதும் டி.வி.யில் யாரைக் காட்டுவார்கள்? மைக் முன்னால் நிற்கும் அமைச்சர், சாலையில் உட்கார்ந்த விவசாயிகள், நீதிமன்ற வாசலில் கறுப்புக் கோட்டுகள். இன்று அந்த முன்வாசலே நமக்கு வேண்டாம். கொல்லைப்புறமாக வாருங்கள், சுவாரஸ்யமெல்லாம் அங்கேதான்!

முதலில் பிலிகுண்டுலு. கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லையில், கர்நாடகத்திலிருந்து இறங்கி வரும் ஆற்றை மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற இடம். எப்படி அளப்பார்கள் என்று என்றாவது யோசித்ததுண்டா? ஆற்றின் அகலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து நீரோட்டமானியை இறக்குவதுதான் வழக்கமான முறை. சின்னச் சின்னக் கிண்ணங்கள் வைத்த சக்கரம் அது; தண்ணீர் தள்ளத் தள்ளக் கிறுகிறுவென்று சுற்றும். எவ்வளவு ஆழத்தில் பிடிக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். நீர்ப்பரப்பிலிருந்து கீழே, மொத்த ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு! அடியில் கல்லும் மண்ணும் உரசித் தண்ணீர் மெதுவாகும், மேலே விர்ரென்று ஓடும். சராசரி வேகம் ஏறக்குறைய அந்த இடத்தில் சிக்கும். வேகத்தைப் பரப்பால் பெருக்கி, துண்டுகளைக் கூட்டினால் விநாடிக்கு இத்தனை கன அடி என்று கணக்கு வந்துவிடும். இரண்டு மாநில அரசுகள் மல்லுக்கட்டுவது இந்த எண்ணை வைத்துத்தான்.

எண் கிடைத்ததும் சட்டம் தன் அட்டவணையை விரிக்கிறது. எனக்குப் பிடித்த இடமே இதுதான். 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்பு சொன்னது. கர்நாடகம் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தர வேண்டும் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாகப் பிரித்தும் வைத்தாயிற்று. அந்தக் கடைசி இலக்கத்தைச் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ 28 கோடி லிட்டர்!

குறைந்த 14.75 டி.எம்.சி. எங்கே போயிற்று? டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறதே என்று 10 டி.எம்.சி.யைக் கழித்தார்கள். மீதி 4.75, பெங்களூருவின் குடிநீருக்கு. நடுவர் மன்றமோ அந்த நகரத்தின் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டிருந்தது. குழாயில் தண்ணீர் பிடிக்கிறவருக்குப் படுகைக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியுமா, என்ன! நிலத்தடி நீரைக் கழித்தது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மழை பொய்த்த ஆண்டில் அது எவ்வளவு இருக்கும் என்று யார் கையடித்துச் சொல்ல முடியும்?

சரி, அடுத்த அறைக்கு வாருங்கள். இது காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. மூன்று மாநிலங்கள், புதுச்சேரி ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு, வானிலைத் துறை, நீர்வள ஆணையம், வேளாண் அமைச்சகம் ஆகியவற்றின் ஆட்களுக்கும் இங்கே நாற்காலி உண்டு. நல்ல மழை ஆண்டில் அட்டவணை போதும். மழை குறைந்தால்தான் கச்சேரி களைகட்டும். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹாரங்கி, ஹேமாவதி ஆகிய நான்கு அணைகளுக்கு வந்த நீரை முப்பது ஆண்டுச் சராசரியோடு வைத்துப் பார்த்து, எத்தனை சதவீதம் பற்றாக்குறை என்று கணக்கிடுவார்கள். பற்றாக்குறையையும் பங்கு போட வேண்டும் என்பது விதி. 2023-இல் கர்நாடகம் விநாடிக்கு 5,000 கன அடி திறக்க வேண்டும் என்று குழு சொன்னது. குழுவுக்கு மேலே இருக்கும் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அதையே சொன்னது. செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. பெங்களூருவில் பந்த் நடந்தது, தமிழ்நாட்டில் அதெல்லாம் போதாது என்ற குரல். கத்தியது மேடையில் என்றாலும் எண் பிறந்தது இந்த மேசையில்தான். ஆனால் ஒரு சங்கதி: மேசைக்குப் போலீஸ் கிடையாது. ஒரு மாநிலம் ஒத்துழைக்காவிட்டால் மேலாண்மை ஆணையம் மத்திய அரசின் உதவியைத்தான் நாட வேண்டும்.

2024 ஜூலையில் நடந்ததுதான் உச்சக்கட்டக் கூத்து. நாளுக்கு 1 டி.எம்.சி., அதாவது விநாடிக்கு 11,500 கன அடிக்குச் சற்று அதிகம், மாத இறுதிவரை திறந்துவிடுங்கள் என்றது குழு. கர்நாடகம் அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டு, 8,000 கன அடிதான் முடியும் என்றது. இந்தப் பக்கம் கண்டனங்கள் பறந்தன. அதற்குள் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை வெளுத்து வாங்கியது. அங்கே அணைகள் நிரம்பி, மாதக் கடைசியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் கரைபுரண்டு வந்தது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய தமிழ்நாட்டு மேட்டூர் அணையை அந்த ஆண்டு ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, நீர்மட்டம் முழு அளவான 120 அடியைத் தொட்டது. 8,000-ஆ 11,500-ஆ என்று கேட்க அப்போது ஒருவரும் இல்லை. பிலிகுண்டுலுவில் அளக்கிற ஆளுக்கு மட்டும் அன்றைக்கும் வேலை இருந்தது, அதுவும் பத்து மடங்குத் தண்ணீரில்!