ஒற்றை ஓட்டும் ஆற்று மணலும்

‘துட்டு வாங்கிட்டு ஓட்டுப் போடுறவன்கிட்ட என்ன நியாயத்த எதிர்பார்க்க?’ என்று தோழர்களே கேட்கிறார்கள். தேர்தலை ஒழுக்கம் பற்றிய சொல்லாடலாக மட்டுமே பேசிப் பழகியதன் விளைவு இது. இதைப் பொருளாதாரமாக வாசிக்க வேண்டும் என்கிறேன். அந்தோணி டவுன்ஸ் (1957), புக்கானன் - டல்லாக் (1962), மான்சர் ஓல்சன் (1965) ஆகியோர் வழிவந்த ‘பொதுத் தேர்வுக் கோட்பாடு’ இதற்குச் சில கருவிகளைத் தருகிறது. சந்தையில் ஆதாயம் பார்க்கிற அதே மனிதர்தான் வாக்குச்சாவடியிலும் கோட்டையிலும் இருக்கிறார் என்பது அதன் அடிப்படை.

முதலில் ஓட்டு. 2016இல் ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 ஓட்டு. இவ்வளவு நெருக்கத்திலும், தனியொருவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் முடிவு மாறியிருக்காது. 203 தபால் ஓட்டுகள் செல்லுமா என்ற வழக்கில் 2019இல் மறு எண்ணிக்கை நடந்தது; முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. ஆகவே ‘நம்ம ஒரு ஓட்டுலயா கவுந்துரப் போவுது’ என்பது தப்புக்கணக்கு அல்ல. பயனில்லாத ஓட்டுக்காக அரசின் கோப்புகளைத் தேடிப் படிப்பவர் யார்? இதை டவுன்ஸ் வழியில் ‘பகுத்தறிவான அறியாமை’ என்கிறார்கள். அறியாமைக்கு எதிர்ச்சொல்லாகவே பகுத்தறிவைப் புழங்கிவந்த நமக்கு இது சங்கடமான சொற்சேர்க்கை. ஆனால், ஐந்து வருஷத்து வாக்குறுதி நிச்சயமற்றது, கையில் வருகிற ரூபாய் நிச்சயமானது என்கிற நிலையில் துட்டு வாங்குவதும் இந்தக் கணக்கின் நீட்சிதான்.

அடுத்து மணல். தாமிரபரணி மணல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி ஊர்களின் குடிநீர் உறைகிணறுகள் அதை நம்பி நிற்கின்றன. மணல் போனால் நஷ்டம் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. லாபமோ சில கைகளில் குவிகிறது. சிலர் எளிதில் கூடிவிடுவார்கள், பலர் கூடமாட்டார்கள் என்பது ஓல்சன் வாதம். லாரிக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, உறைகிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இல்லை.

அரசு இங்கே நடுவரும் அல்ல. 2003இல் மணல் குவாரிகளைத் தமிழக அரசே எடுத்துக்கொண்டது. ஆற்றைக் காக்க வேண்டிய பொதுப்பணித்துறையே மணலை விற்றது. ‘அரசின் தோல்வி’ என்று இதைச் சொல்லும் புக்கானன் வகையறாக்கள், அரசைச் சுருக்கு, சந்தையிடம் விடு என்பார்கள். நோய்க்கூறை ஏற்கிறேன், மருந்தை அல்ல. 2003க்கு முன்பு குத்தகைக்கு எடுத்து அள்ளியவர்கள் தனியார்தானே?

2010இல் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கினார். ஆதாயக் கணக்கு மட்டுமே மனிதன் என்றால் இச்செயலுக்கு விளக்கமில்லை. கோட்பாட்டின் எல்லை இதுதான். ஆனால் ஒரு மனிதரின் பிடிவாதத்தை மட்டும் நம்பி ஒரு ஆறு இருக்க முடியாது.

கூட்டம் சிறியதானால் கூடுவது எளிது என்பதும் ஓல்சன் சொன்னதே. அப்படியானால் முடிவெடுக்கும் இடத்தைக் கரையோர ஊர்களுக்கு இறக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி பஞ்சாயத்துச் சட்டப்படி, ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் சிறுகனிமக் குத்தகைக்குக் கிராமசபை அல்லது பஞ்சாயத்தின் பரிந்துரை கட்டாயம். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதியே இல்லை. அந்த உரிமையை இங்கும் கேட்கலாம். கேட்கும்போதே, கிராமசபையில் சேரிக்காரர் குரல் எடுபடுமா என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும். சின்னக் கூட்டத்துக்குள்ளும் சாதி ஆதாயக்காரர்களைத்தான் முதலில் கூட்டிவைக்கிறது. துட்டு வாங்கியவரைத் திட்டுவதைவிட இது கடினமான அரசியல். செய்ய வேண்டியதும் இதுவே.