மீனுக்கும் மூக்குண்டு

தூண்டில் என்னும் சொல்லைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். வளைந்த இரும்பையோ, நீண்ட நூலையோ, பிடிக்கும் கோலையோ அச்சொல் சுட்டவில்லை. தூண்டுதல் என்னும் வினையோடு அது உறவு பூண்டு நிற்கிறது. மீனின் உள்ளத்தில் ஓர் ஆசையைத் தூண்டி விடுவதே அக்கருவியின் முதல் வேலை. பற்றி இழுப்பது அதன் பின்னரே. நம் முன்னோர் இவ்வுண்மையைப் பெயரிலேயே பொதிந்து வைத்துவிட்டனர். அந்த ஆசை எவ்வழியாகத் தூண்டப்படுகிறது? கண்ணாலா, நாவாலா, மூக்காலா? மணத்தைக் கொண்டு மீனை மிகுதியாகப் பிடிக்க முடியுமா? முடியுமெனில், அவ்வாறு பிடிப்பதற்கு எல்லை உண்டா? இவற்றையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உரும்பிராய் கடலைக் காணாத ஊர். செம்மண்ணும் கிணற்று நீரும், வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் வாழையுமே அதன் செல்வம். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடலுக்கு மிகத் தொலைவான ஊர் என்று ஒன்று இல்லை. தெற்கே குருநகரும் பாஷையூரும், வடக்கே மயிலிட்டியும் பலாலியும் அலைவாயில் இருக்கின்றன. அங்கே கரைசேர்ந்த மீன் உரும்பிராய் அடுக்களைக்கும் வந்து சேர்கிறது. முற்றத்தில் மீன் வெட்டத் தொடங்கியதும் அழையா விருந்தாளியாகப் பூனை வந்து நிற்பதை யார்தான் கண்டதில்லை! பூனைக்குச் செய்தி கொண்டு போனது காற்று. கடலடியில் இதே தூதுவேலையை நீர் செய்கிறது.

மூச்சு விடாத மூக்கு

அடுத்த முறை சமையலுக்கு மீன் வரும்போது, வெட்டுவதற்கு முன்னர் அதன் முகத்தை உற்று நோக்குங்கள். வாய்க்கும் கண்ணுக்கும் இடையே, பெரும்பாலான மீன்களில், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சிறு துளைகள் தென்படும். முன் துளையால் நீர் புகுந்து பின் துளையால் வெளியேறும். இடையே உள்ள சிறு குழியில், பூவிதழ்கள் போல மடிந்த மெல்லிய தோல் அமைந்திருக்கிறது. நீரில் கரைந்து வரும் பொருளின் மணத்தை அறிவது அத்தோலே. மீன் மூச்சு விடுவது செவுளால். ஆகவே அதன் மூக்கு மணம் அறிதல் என்னும் ஒரே தொழிலுக்கு உரியது. இறாலுக்கும் நண்டுக்கும் இத்துளைகள் இல்லை. அவை தலையின் முன்னே உள்ள குறு உணர்கொம்புகளை நீரில் விசிறி மணத்தை அறிகின்றன.

இவ்வறிவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1950ஆம் ஆண்டுகளில் டைஷ்மன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி இளம் விலாங்கு மீன்களைப் பழக்கிப் பரிசோதித்தார். அவர் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று, நாம் மணவீட்டில் தெளிக்கும் பன்னீருக்கு மணம் தருகிற இரசாயனப் பொருள். அதன் ஒரு மில்லிலீற்றரை, ஐரோப்பாவிலுள்ள பெரிய ஏரியான கொன்ஸ்டன்ஸ் ஏரியைப் போல 58 மடங்கு நீரில் கலந்தாலும் விலாங்கு அறிந்து கொள்ளும் என்பது அவருடைய கணக்கு. நாய்க்கே மோப்பத்திற் சிறப்பென்று பாராட்டும் நாம், விலாங்கையும் அதன் அருகே இருத்த வேண்டியவர்களே.

அமெரிக்காவில் ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் 1951ஆம் ஆண்டில், சிறு மீன்கள் இரண்டு ஓடைகளின் நீரை மணத்தாலேயே வேறுபடுத்தி அறிவதை எடுத்துக் காட்டினர். ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண்ணும் செடிகொடிகளும் தனி மணத்தைத் தருகின்றன. சால்மன் மீன் கடலிற் பல காலம் திரிந்தபின் தான் பிறந்த ஆற்றையே தேடிச் சென்று முட்டையிடுவதற்கு இம்மண நினைவு துணை செய்கிறது என்பது ஹாஸ்லரின் கொள்கை. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின.

மூக்கோடு நாவையும் சேர்த்துக் கூற வேண்டும். மீசை மீன்களாகிய கெளிறு வகைகளுக்குச் சுவை அரும்புகள் வாயில் மாத்திரமன்றி மீசையிலும் உடலெங்கும் பரந்துள்ளன. ஒரு மீனில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட அரும்புகள் இருப்பதுண்டு. உடல் முழுதும் நாவாகத் திரியும் பிராணி என்று அதனைச் சொல்லலாம். கலங்கிய நீரிலும் இருளிலும் அது இரையைக் கண்டுபிடிக்கும் இரகசியம் இதுவே.

எந்த மணம் இழுக்கும்?

மீன் பன்னீரை அறியும் என்பதற்காகப் பன்னீரைத் தேடி ஓடி வரும் என்று கொள்ளலாகாது. அறிவது வேறு, விரும்புவது வேறு. மீனை இழுப்பது அதன் உணவின் மணம். இறால், நண்டு, கணவாய், மட்டி முதலியவற்றின் ஊனில் அமினோ அமிலங்கள் நிறைய உள்ளன. அவை நீரில் எளிதிற் கரைந்து பரவும். புதிய இறாலின் இனிய சுவைக்கும் அவையே பெரிதும் காரணம். நமக்குச் சுவையாக இருப்பது மீனுக்கு மணமாக இருக்கிறது என்று சுருங்கச் சொல்லலாம். இறால், சூடை, கணவாய்த் துண்டு என்பவற்றை மீனவர் தூண்டிலிற் கோப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

மனிதன் இதனோடு நில்லாமல் பல மருந்துகளையும் கூட்டிப் பார்த்திருக்கிறான். 1653ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஐசக் வால்ட்டன் வெளியிட்ட தூண்டில் நூல், இரையோடு கலக்கும் மணத் தைலங்களைப் பற்றியும் பேசுகிறது. வங்காளத்தில் தூண்டிற்காரர் பிண்ணாக்கு, வறுத்த வெந்தயம், கச்சோலம் முதலியவற்றைக் கலந்து உருண்டை பிடித்து, மீன் கூடுவதற்காகக் குளத்தில் இடுவர். எறும்பின் முட்டையையும் இரையாகக் கொள்வர். கெண்டை இனத்து மீன்கள் அடிமண்ணைக் கிளறி மணத்தாலும் சுவையாலும் உணவு தேடுபவை. ஆதலால் இவ்வழக்கம் காரணமற்றதன்று.

இன்று இம்மருந்துகள் அழகிய புட்டிகளில் அடைபட்டுப் பல நாடுகளிலும் விற்பனையாகின்றன. புட்டியை வாங்குபவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கொள்வது நல்லது. முதலாவது, இது நீரில் கரையுமா என்பது. கரையாத எண்ணெய் மேலே மிதந்து போய்விடும். அடியிலுள்ள மீனின் மூக்கை அது சென்றடைவது அரிது. இரண்டாவது, நாம் பிடிக்க விரும்பும் மீன் எப்புலனால் வேட்டையாடுகிறது என்பது. அறுக்குளாவும் பாரையும் தெளிந்த நீரில் விரைந்தோடும் சிறு மீனைக் கண்ணாற் கண்டு துரத்துபவை. அவற்றுக்கு மினுங்கும் தகடு போதும். எத்தனை புட்டி தைலமும் அதற்கு ஈடாகாது. விலாங்கு, கெளிறு, நண்டு ஆகியவற்றுக்கோ மணமே வழிகாட்டி.

நீரோட்டம் என்னும் தூதன்

இரை எவ்வளவு நல்லதாயினும், அதன் மணத்தைச் சுமந்து செல்ல நீரோட்டம் வேண்டும். இரையிலிருந்து புறப்படும் மணம் அடுப்புப் புகை காற்றில் நீள்வது போல, ஓட்டத்தோடு ஒரு வாலாக நீண்டு செல்கிறது. அவ்வாலிற் குறுக்கிட்ட மீன், ஓட்டத்தை எதிர்த்து நீந்தி இரையை அடைகிறது. எனவே மீன் தங்கும் பாறைக்கும் செடிக்கும் எப்பக்கத்தில் இரையை வைப்பது என்பதை வற்று நீரும் பெருக்கு நீருமே தீர்மானிக்கின்றன.

ஓட்டம் உதவினாலும் இரையின் மணம் நெடுநேரம் நிற்பதில்லை. நோர்வே நாட்டு ஆய்வாளர், நீரிலிட்ட கானாங்கெளுத்தித் துண்டிலிருந்து வெளிப்படும் கவர்ச்சிப் பொருள் முதல் ஓரிரு மணித்தியாலங்களிலேயே வெகுவாகக் குறைந்து விடுவதை அளந்து கண்டனர். ஊன் கண்ணுக்கு முழுதாகத் தோன்றும். அதன் அழைப்போ அடங்கிப் போயிருக்கும். மீன் வரவில்லை என்று கடலை நொந்து கொள்வதற்கு முன்னர் இரையை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை.

எல்லா மீன்பிடியும் மணத்தை நம்பியதன்று. நமது களப்புக்களில் நாட்டப்படும் சிறகு வலையை எடுத்துக் கொள்வோம். அதில் இரையே இல்லை. நீரோடு திரியும் மீன் சிறகாகிய வலைச் சுவரில் தடைப்பட்டு, அதனோரமாகவே சென்று அறைக்குள் புகுந்து விடுகிறது. நீர்கொழும்புக் களப்பில் மரக்கொப்புகளை நீரில் நாட்டி வைப்பர். நிழலையும் புகலிடத்தையும் உணவையும் நாடிக் கூடும் மீனைப் பின்னர் வலையால் வளைப்பர். பசியைப் போலவே நிழலும் ஓர் அழைப்பாகும்.

விரட்டும் மணம்

இழுக்கும் மணம் இருப்பது போலவே விரட்டும் மணமும் உண்டு. தேனீக்களின் மொழியை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வொன் ஃபிரிஷ், 1938ஆம் ஆண்டில் ஒரு விந்தையை வெளியிட்டார். ஒரு சிறு மீனின் தோல் காயப்பட்டால், அதிலிருந்து கசியும் பொருளின் மணத்தை அறிந்து அதன் இனத்து மீன்கள் யாவும் அஞ்சி ஓடின. காயப்பட்ட மீன் வாய்திறந்து கூவவில்லை. அதன் தோலே கூவியது. இன்னும் வியப்பு யாதெனில், இனத்தாரை விரட்டும் அதே மணம் பெரிய மீன்களுக்கு விருந்தழைப்பாக அமைவதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியமை.

நமது கையின் மணமும் மீனுக்கு உவப்பானதன்று. கனடாவில் 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், மனிதர் கை கழுவிய நீரை ஓடையிற் கலந்தபோது, ஏறிவந்து கொண்டிருந்த சால்மன் மீன்கள் தயங்கி நின்றமை காணப்பட்டது. கரடியின் பாதத்தைக் கழுவிய நீரும் அவ்வாறே அவற்றை நிறுத்தியது. கரடியையும் மனிதனையும் மீன் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறது போலும்!

மாணவர் இதனை வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். தங்கமீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று போதும். உப்பிடாத புதிய இறால் ஒன்றை நசுக்கிச் சிறிது நீரில் ஊறவைத்து, துணியில் வடித்துக் கொள்ளுங்கள். முதலில் தொட்டியின் ஒரு மூலையில் வெறும் நீரைச் சில துளி விடுங்கள். சற்றுப் பொறுத்து, அதே மூலையில் வடித்த நீரைச் சில துளி விடுங்கள். இரண்டு தரமும் மீன் என்ன செய்கிறது என்பதை நேரத்தோடு குறித்து வையுங்கள். காண்பதற்கு உணவொன்றும் இல்லாதபோதும் மீன் தேடத் தொடங்குமாயின், அதன் மூக்கை நீங்கள் கண்டறிந்தவர்கள் ஆவீர்கள்.

அழைப்பும் அழிவும்

இவ்வளவும் அறிந்தபின் ஒன்றை மறந்து விடலாகாது. மணம் மீனைக் கூட்டுமே தவிர மீனைப் பெருக்காது. களப்பின் பல பாகங்களிலும் பரந்திருந்த மீனை ஓரிடத்துக்கு வரவழைப்பதே அதன் ஆற்றல். ஒருவன் கூடையில் ஏறிய மீன் மற்றொருவன் கூடையிற் குறைந்த மீனாகவும் இருக்கலாம். அடுத்த ஆண்டுக்கு இருந்திருக்க வேண்டிய மீனாகவும் இருக்கலாம்.

கூடுகளால் நேரும் தீங்கு ஒன்றைக் கேளுங்கள். இரையிட்ட கூடு கயிறு அறுந்து கடலடியில் தங்கி விட்டால், அது வேலையை நிறுத்துவதில்லை. உள்ளே அகப்பட்டு இறந்த மீன் அடுத்த மீனுக்கு இரையாகிறது. அதுவும் இறந்து பின்வருவதை அழைக்கிறது. எடுப்பார் இல்லாத கூடு இவ்வாறு நெடுங்காலம் வீணே கொன்று கொண்டிருக்கும். உக்கிப் போகும் கயிற்றால் கூட்டின் ஒரு பக்கத்தைக் கட்டினால், காலம் கடந்தபின் அது தானே திறந்து கொள்ளும். சில நாடுகள் இதனைச் சட்டமாகவே விதித்துள்ளன.

பசியைவிட வலிய அழைப்பு இனப்பெருக்கத்தின் அழைப்பு. தாய்லாந்தில் கணவாய் பிடிக்கும் கூட்டினுள்ளே கணவாய் முட்டைக் கொத்தைத் தொங்கவிடுவர். முட்டையிட இடந்தேடும் கணவாய் அதைக் கண்டு உள்ளே புகும். புகுந்தவை கூட்டிலேயே முட்டையிட்டு ஒட்டி விடுவதும் உண்டு. அம்முட்டைகளைக் கரையில் உலர விட்டால் ஒரு தலைமுறையே வெயிலிற் காய்ந்து போகும். மீண்டும் நீரில் இட்டால் பிழைக்கும். ஒரு கைவினையின் நன்மையும் தீமையும் இவ்வளவு சிறிய செயலில் அடங்கியிருக்கின்றன.

மணத்தால் அழைப்பதையும் நஞ்சால் மயக்குவதையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. நஞ்சு பெரிது சிறிது பாராது கொல்லும்; வெடியும் அப்படியே. இவ்விரண்டையும் இலங்கையின் 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் தடை செய்கிறது. கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடியும் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தடைக்குள்ளாயிற்று. இரை வைப்பவன் மீனை அழைக்கிறான். வருவதும் வராததும் மீனின் பாற்பட்டது. வந்ததிற் சிறியதைத் திருப்பி விடவும் அவனால் முடியும். இழுவை மடி எதனையும் அழைப்பதில்லை. மீனோடு மீன் வாழும் கடற்புல்லையும் பறித்துச் செல்கிறது.

உரும்பிராய்த் தோட்டக்காரருக்கு இந்த நீதியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வெங்காயம் எவ்வளவு விலை போனாலும் அடுத்த போகத்துக்கென எடுத்து வைத்த விதை வெங்காயத்தைச் சந்தைக்கு அனுப்ப அவர் மனம் ஒப்பார். முட்டை சுமந்த நண்டும், முட்டையிட வந்த கணவாயும், முதிராத மீனும் கடலின் விதை வெங்காயங்கள். மீனின் மூக்கை அறிந்து அதனை அழைக்கக் கற்றுக் கொண்டோம். வந்தவற்றுள் எதனை எடுப்பது, எதனைத் திருப்பி அனுப்புவது என்பதை அறிவது அதனிலும் பெரிய கல்வி. அக்கல்வி உள்ள வரை நம் களப்பிலும் மீன் இருக்கும். நம் பிள்ளைகளின் கலத்திலும் மீன் இருக்கும்.