ஆகாயப் பயணமும் வணக்க நேரங்களும்



சென்னையிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம் என்று கேட்டால், நம்மில் பலர் "ஐந்தரை மணி நேரம்" என்றே பதில் கூறுவர். உண்மையில் அத்தூரம் நேர்வழியில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். அன்று மும்பையிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் ஜித்தாவை அடைய 12 முதல் 15 நாட்கள் ஆயின. 1995ஆம் ஆண்டோடு அக்கப்பல் பயணம் நின்றது. இன்று விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் பயணச்சீட்டைப் படிப்பதில் பலரும் தடுமாறுகின்றனர். காலை 10.00க்குப் புறப்பாடு, பிற்பகல் 1.15க்கு வருகை என்றிருந்தால், பயணம் மூன்றேகால் மணி நேரமன்று. முதலாவது இந்திய நேரம். இரண்டாவது சவூதி நேரம். அது நம்முடையதைவிட இரண்டரை மணி பின்தங்கியது. ஆகவே பயண நேரம் ஐந்தே முக்கால் மணியாகும். அமெரிக்காவில் நியூயார்க்கிலிருந்து ஏறத்தாழ 3,980 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் செல்வோரும் ஒரே நாட்டிற்குள் மூன்று மணி நேர வேறுபாட்டைக் காண்கின்றனர்.

இக்கணக்கு வணக்கத்தையும் பாதிக்கும். சில ஆண்டுகளுக்கு முன், நமது திருநின்றவூரிலிருந்து ரமளானில் உம்ராவுக்குச் சென்ற பெரியவர் ஒருவர் விமானத்தில் நோன்போடு இருந்தார். சன்னல்கள் மூடியிருந்தன. கைக்கடிகாரத்தில் சென்னையின் மஃரிப் நேரம் வந்ததும் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டார். பக்கத்திலிருந்தவர் சன்னலைத் திறந்தபோது வெயில் பளிச்சென்று அடித்தது! ஊர் திரும்பியதும் கலங்கிய கண்களோடு என்னிடம் வந்து, "ஹஜ்ரத், என் நோன்பு என்னவாயிற்று?" என்று கேட்டார். அறியாமல் செய்ததால் பாவமில்லை. ஆனால் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்றேன்.

காரணம் எளியது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. மேற்கே பறப்பவர் சூரியனைப் பின்தொடர்ந்து செல்கிறார். அவருக்குப் பகல் நீள்கிறது. கிழக்கே திரும்புபவருக்குப் பகல் சுருங்குகிறது; அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலுள்ள நேரம் குறைந்து, தொழுகை தவறிவிடக்கூடும். எனவே விமானத்தில் இருப்பவர் தாம் இருக்கும் இடத்தில் தமக்குத் தென்படும் சூரியனையே கவனிக்க வேண்டும். புறப்பட்ட ஊரின் கடிகாரத்தையன்று.

"சில மணி நேரப் பயணத்திற்கும் கஸ்ர் உண்டா?" என்று கேட்பவர்கள் உளர். உண்டு. சலுகை தூரத்தைப் பொறுத்தது, களைப்பைப் பொறுத்ததன்று. நம் ஊரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர்தானே என்றும் தயங்க வேண்டாம். நாடிய பயணம் முழுவதுமே கணக்காகும். ஊர் எல்லையைத் தாண்டியதும், நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கும் தொழ வேண்டும்.

உம்ராவுக்கு நேரே செல்வோர் மற்றொன்றையும் மறக்கலாகாது. விமானம் ஜித்தாவில் இறங்குமுன்பே மீகாத் எல்லையைக் கடந்துவிடும். அது நிமிடத்திற்குச் சுமார் 14 கிலோமீட்டர் பறப்பதால், சற்றுக் கண்ணயர்ந்தாலும் எல்லை பின்னே போய்விடும். ஆகவே சென்னையிலேயே இஹ்ராம் உடையணிந்து, மீகாத்திற்கு முன்பே நிய்யத் செய்துகொள்வது பாதுகாப்பானது.

தூரத்தைச் சுருக்கித் தந்த இறைவன், நேரம் குறிக்கப்பட்ட கடமைகளைச் சுருக்கிவிடவில்லை. பெட்டியை எடை பார்க்கும் அக்கறையோடு, வணக்க நேரங்களையும் கணக்கிட்டுப் புறப்படுவோமாக! வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.