விளையாட்டைத் திறக்க ஒரு சின்ன ஐகான் போதும்

'டூம்' 1993 டிசம்பரில் வெளிவந்தபோது, ஒரு 386 பிராசஸரும் 4 எம்.பி. ரேமும் இருந்தால் ஓடிவிடும். முப்பது ஆண்டுகள் கடந்தும் அதை விளையாடுகிறார்கள். அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் அதன் மூல நிரலை வெளியிட்டதுதான் பெரிய காரணம். அந்த நிரலை வைத்து இன்றைய கணினிகளுக்கு ஏற்ற இன்ஜின்களை ரசிகர்களே கட்டினார்கள். பழைய டூமை அப்படியே கண்முன் கொண்டுவருவது சாக்லேட் டூம். புதிய வசதிகளைச் சேர்த்து எங்கோ கொண்டுபோய்விட்டது ஜிஇசட்டூம். டூமைப் படைத்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ, 2019-ல் 'சிஜில்' என்று ஒரு புதிய அத்தியாயத்தையே எழுதிக் கொடுத்தார். ரசிகர்கள் வரைந்த நிலைகளும் ஆயுதங்களும் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன.

இத்தனை வளமும் கையில் இருக்க, விளையாடுபவருக்கு வரும் தொல்லை ஆரம்பத்திலேயே நிற்கிறது. விளையாட்டைத் திறப்பதுதான் அது.

டூமைத் திறப்பது ஒரு ஐகானைத் தட்டும் வேலை மட்டுமல்ல. முதல் டூமா, இரண்டாம் டூமா என்று சொல்ல வேண்டும். அதற்குரிய மூலக் கோப்பு வேறு. அதன்மேல் எந்தெந்த ரசிகர் கோப்புகளை ஏற்றுவது, எந்த வரிசையில் ஏற்றுவது என்று சொல்ல வேண்டும். பின்னால் வரும் கோப்பு முன்னால் வந்ததை மூடிவிடும் என்பதால் வரிசை மாறினால் விளையாட்டே மாறிப்போகும். கடினம் எந்த அளவு, எந்த நிலையிலிருந்து தொடங்குவது, சேமித்த ஆட்டங்களை எந்த ஃபோல்டரில் போடுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நீளமான கட்டளை வரி. ஐந்தாறு தொகுப்புகளை மாற்றி மாற்றி விளையாடுபவர் அதை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய மாட்டார். டெஸ்க்டாப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷார்ட்கட் போட்டால் டெஸ்க்டாப் நிரம்பிவிடும். இந்த இடத்தில்தான், கடிகாரத்துக்கு அருகே சிஸ்டம் ட்ரேயில் உட்கார்ந்திருக்கும் ஒரு எளிய கருவி கைகொடுக்கிறது. ரைட் கிளிக் செய்தால் மெனு விரியும். 'டூம் 2', 'சிஜில்' என்று பெயர்கள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் முழுக் கட்டளை வரியும் இன்ஜினுக்குப் போய்விடும்.

விளையாட்டைத் திறந்துவிடத் தனியாக ஒரு நிரல் என்பது புதிதல்ல. டாஸ் காலத்திலேயே டூமுடன் ஐபிஎக்ஸ்செட்டப், செர்செட்டப் என்று இரண்டு குட்டி நிரல்கள் வந்தன. ஒன்று நெட்வொர்க்கிலும் மற்றொன்று மோடம் அல்லது கேபிள் வழியாகவும் எதிராளியின் கணினியைத் தேடிப் பிடிக்கும்; இணைப்பு கிடைத்ததும் டூமைத் திறந்து, தகவலை அதன் கையில் ஒப்படைக்கும். பிறகு விண்டோஸ் 95 வந்தது. விளையாட்டுக்கும் விண்டோஸ் ஏற்ற இடம்தான் என்று நிரூபிக்க விரும்பிய மைக்ரோசாஃப்ட், டூமை விண்டோஸுக்குக் கொண்டுவர ஒரு குழுவை அமர்த்தியது. அதை வழிநடத்தியவர் கேப் நியூவெல். அந்த உழைப்பு 'டூம்95' என்ற பெயரில் 1996-ல் வெளியானது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்டை விட்டு வெளியேறி அவர் வால்வ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2003 செப்டம்பரில் அந்த வால்விலிருந்து வந்ததுதான் ஸ்டீம். இன்று உலகெங்கும் கணினி விளையாட்டுக்காரர்களின் ட்ரேயில் நிற்கும் ஐகான்.

ஸ்டீமின் ட்ரே ஐகானை ரைட் கிளிக் செய்தால் அண்மையில் விளையாடியவற்றின் பட்டியல் வரும். நல்ல வசதிதான். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு முழு அங்காடி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் திரைகளை வரைவது குரோமியம் பிரவுசர் இன்ஜின். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் அதன் துணை நிரல்கள் சில நூறு எம்.பி. ரேமைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். அப்டேட், மேகச் சேமிப்பு, நண்பர் பட்டியல் என்று அதற்கும் பயன் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனியாக ஒரு பழைய விளையாட்டை அரைமணி நேரம் ஆடப்போகிறவருக்கு அது எதற்கு? சொந்த வீட்டுக்குள் போக, ஒவ்வொரு முறையும் கடைவீதியைச் சுற்றிக்கொண்டு வரச் சொல்வது போல இருக்கிறது. 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் இது வெறும் எரிச்சலோடு நிற்காது. விளையாட்டுக்குச் சேர வேண்டிய நினைவகத்தை, அதைத் திறந்துவிடும் நிரலே எடுத்துக்கொள்கிறது.

நன்றாக எழுதப்பட்ட ட்ரே கருவி இதற்கு நேர் எதிர். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதன் மேல் மதிப்பு கூடும். தொடங்கியதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்டோவை உருவாக்கும். 'இந்த ஐகானை ட்ரேயில் வை, யாராவது தொட்டால் எனக்குச் சொல்' என்று விண்டோஸிடம் பதிவு செய்யும். அத்தோடு தூங்கிவிடும். சும்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்காது. செய்தி வரும்வரை பிராசஸர் அதன் பக்கமே திரும்பாது. சி மொழியில் நேரடியாக எழுதினால் சில எம்.பி. நினைவகம் அதற்குத் தாராளம். மவுஸ் தட்டிய செய்தி வந்ததும் விழித்து, மெனுவைக் காட்டி, விளையாட்டைத் திறந்து, மறுபடி தூங்கும்.

சின்னக் கருவிதான், ஆனால் எழுதியவரின் அக்கறை சில இடங்களில் பளிச்சென்று தெரியும். விண்டோஸ் எக்ஸ்புளோரர் எப்போதாவது விழுந்து எழுந்தால் டாஸ்க்பார் புதிதாக உருவாகும். அப்போது பழைய ஐகான்கள் காணாமல் போகும். 'டாஸ்க்பார் உருவாகிவிட்டது' என்று விண்டோஸ் எல்லா நிரல்களுக்கும் ஒரு செய்தி அனுப்புகிறது. அதைக் கேட்டு ஐகானை மறுபடி வைக்கும் கருவி நல்ல கருவி. அதேபோல, மூடும்போது ஐகானை எடுத்துவிட்டுப் போக வேண்டும். எடுக்காமல் செத்துப்போனால், மவுஸ் அதன்மேல் போகும்வரை வெறும் ஐகான் அங்கேயே நிற்கும். மெனுவுக்கு வெளியே எங்காவது தட்டினால் மெனு மறைய வேண்டும் என்பதற்குக்கூட ஒரு சூட்சுமம் இருக்கிறது: மெனுவைக் காட்டுமுன் அந்த மறைந்திருக்கும் விண்டோவை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மெனு போக மறுத்துத் திரையிலேயே நிற்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, விளையாட்டை எந்த ஃபோல்டரில் நின்றபடி திறக்கிறோம் என்பது. பழைய விளையாட்டுகள் பல, தம் கோப்புகளைத் தாம் திறக்கப்பட்ட ஃபோல்டரில்தான் தேடும். ட்ரே கருவி தன் சொந்த ஃபோல்டரில் நின்றபடி விளையாட்டைத் திறந்தால், ஒலிக் கோப்பைக் காணோம், மூலக் கோப்பைக் காணோம் என்று விளையாட்டு நின்றுவிடும். விண்டோஸ் ஷார்ட்கட்டில் 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு பெட்டி இருப்பது இதற்காகத்தான். ட்ரே கருவி தேடும்போது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் இந்த ஃபோல்டரைத் தனியாகக் கொடுக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10 வரை எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. டாஸ்க்பாரை ரைட் கிளிக் செய்து 'நியூ டூல்பார்' என்று ஷார்ட்கட்கள் நிறைந்த ஒரு ஃபோல்டரைக் காட்டினால், அதுவே ட்ரே அருகே மெனுவாக வந்து நிற்கும். விண்டோஸ் 11-ல் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. பல ஆண்டுகள் எந்தச் சிக்கலும் தராமல் உழைத்த ஒரு வசதி. இப்போது அந்த இடத்தை ஆட்டோஹாட்கீ நன்றாகவே நிரப்புகிறது. இலவச ஸ்கிரிப்ட் கருவி; ஓடத் தொடங்கினாலே ட்ரேயில் தன் ஐகானை வைத்துவிடும். அந்த ஐகானின் மெனுவில் ஒரு விளையாட்டின் பெயரைச் சேர்க்க ஒரு வரி. தட்டினால் எந்த நிரலை, எந்தக் கட்டளையோடு, எந்த ஃபோல்டரிலிருந்து திறப்பது என்று சொல்ல இன்னும் ஒரு வரி. பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் போதும்.

டூமை விலைக்கு வாங்காதவர்கள் 'ஃப்ரீடூம்' கொண்டு தொடங்கலாம். அதே இன்ஜினில் ஓடும். கோப்புகள் முழுக்க இலவசம். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டுகளையும் இதே மெனுவில் சேர்க்க முடியும். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஹாஃப்-லைஃப் 2-க்கு 220. அந்த எண்ணோடு கூடிய ஸ்டீம் முகவரியைத் திறக்கச் சொன்னால் விளையாட்டு தொடங்கும், ஸ்டீமும் கூடவே எழுந்து வரும் என்றாலும். ஜிஓஜி தளத்தில் வாங்கியவற்றுக்கு அந்தச் சுமையும் இல்லை. 2008-லிருந்து பூட்டில்லாத விளையாட்டுகளை விற்கும் அங்காடி அது. அவற்றின் நிரல் கோப்பை நேரே சுட்டிக்காட்டலாம்.

ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் மட்டும் கவனம் தேவை. ஏமாற்று வேலையைத் தடுக்கும் காவல் நிரல்கள் சில, பின்னணியில் ஆட்டோஹாட்கீ ஓடுவதைக் கண்டாலே சந்தேகப்படும். ஆட்டோஹாட்கீயால் விசைகளைத் தானே அழுத்தவும் முடியும் என்பதால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. அப்படிப்பட்ட விளையாட்டுக்குப் போகுமுன் ட்ரே மெனுவில் உள்ள 'எக்ஸிட்'டை அழுத்திவிடுங்கள்; டூமுக்குத் திரும்பும்போது மறுபடி திறந்துகொள்ளலாம்.